சந்தையின் வாசல் யாருக்குச் சொந்தம்?

2020-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 29-ஆம் நாள். அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் பிரதிநிதிகள் சபையின் துணைக்குழு ஒன்று கூடியிருந்தது. கொரோனா நோய் பரவியிருந்த காலம் ஆதலால், சாட்சியம் அளிக்க வேண்டிய நால்வரும் நேரில் வரவில்லை, திரையில் தோன்றினார்கள். அமேசானின் ஜெஃப் பெஸோஸ், ஆப்பிளின் டிம் குக், ஃபேஸ்புக்கின் மார்க் ஸக்கர்பெர்க், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த கூகுளின் சுந்தர் பிச்சை ஆகியோரே அந்த நால்வர். உலகின் பெருஞ்செல்வம் முழுவதும் அந்தத் திரையில் வந்து அமர்ந்தாற் போலிருந்தது.

அப்போது ஜார்ஜியா மாநில உறுப்பினரான லூசி மெக்பாத் அம்மையார் ஓர் ஒலிப்பதிவை அவையில் ஒலிக்கச் செய்தார். அது ஒரு பெண்மணியின் குரல். அமேசான் வழியாகப் பாடநூல்களை விற்றுப் பிழைத்து வந்த சிறு வணிகர் அவர். தம் தொழிலை நம்பி 14 பேர் வாழ்வதாகவும், அவர்களுள் மூவர் குழந்தைகள், ஒருவர் 90 வயது மூதாட்டி என்றும் அந்தக் குரல் கூறியது. ஒரு நாள் அமேசான் அவர்களுடைய விற்பனையை முடக்கிவிட்டது. காரணம் சொல்லப்படவில்லை. 500-க்கும் மேற்பட்ட முறை எழுதிக் கேட்டும் உருப்படியான மறுமொழி ஒன்றும் வரவில்லை என்று மெக்பாத் அம்மையார் எடுத்துரைத்தார். பெஸோஸ் இதைக் கேட்டுத் தமக்கு வியப்பாக இருப்பதாகவும், தம் நிறுவனத்தின் நடைமுறை இதுவன்று என்றும் பதிலளித்தார்.

அன்பார்ந்த வாசகர்களே! அந்தப் பெண்மணி கடன் கேட்கவில்லை, தர்மம் கேட்கவில்லை. சந்தையில் தம் சரக்கை வைத்து விற்பதற்கு ஓர் இடம் கேட்டார். அந்த இடத்தைக் கொடுக்கவும் மறுக்கவும் உரிமை படைத்த நிறுவனமே அதே சந்தையில் அதே சரக்கை விற்கும் வணிகனாகவும் இருந்தது. நடுவரே ஆட்டக்காரராகவும் இருந்தால் ஆட்டம் என்னவாகும்? இந்தக் கேள்விதான் ஒருவரையொருவர் முகம் கொடுத்துப் பேசவும் தயங்குகின்ற இரண்டு அமெரிக்கக் கட்சிகளை ஒரே மேசையில் அமர வைத்தது.

எதிரெதிர்த் துருவங்கள்

அமெரிக்க அரசியலில் ஜனநாயகக் கட்சிக்கும் குடியரசுக் கட்சிக்கும் இடையே உள்ள பகைமை உலகறிந்தது. வரி, துப்பாக்கி, குடியேற்றம் என எதை எடுத்தாலும் ஒருவர் கிழக்கு என்றால் மற்றவர் மேற்கு என்பார். ஆனால் 2019 ஜூன் திங்களில் பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழு, நான்கு பெரும் தொழில்நுட்ப நிறுவனங்களைப் பற்றிய விசாரணையைத் தொடங்கியபோது, இரு கட்சியினரும் அதில் சேர்ந்துகொண்டனர். துணைக்குழுவின் தலைவர் ரோட் ஐலண்டு மாநிலத்தின் டேவிட் சிசிலினி. ஜனநாயகக் கட்சியில் முற்போக்காளர் என்று பெயர் பெற்றவர். அவரோடு பின்னர்த் தோளோடு தோள் நின்றவர் கொலராடோ மாநிலத்தின் கென் பக். குடியரசுக் கட்சியில் உறுதியான பழமைவாதி.

2020 ஜனவரி 17 அன்று கொலராடோவின் போல்டர் நகரப் பல்கலைக் கழகத்தில் அத்துணைக்குழு கூடிச் சிறு நிறுவனத்தார் நால்வரின் குறைகளைக் கேட்டது. கைப்பேசியின் பின்புறம் ஒட்டும் சிறு பிடியைத் தயாரித்தவர், ஒலிபெருக்கி செய்பவர், தொலைந்த பொருளைக் கண்டறியும் வில்லை செய்பவர், கணினி மென்பொருள் எழுதுபவர் ஆகியோர் வந்து நின்றனர். ‘பெரிய நிறுவனங்களைப் பகைத்துக்கொண்டால் எங்களுக்கு வாழ்வில்லை, அவர்களை அண்டியிருந்தாலும் நிம்மதியில்லை’ என்பதே அவர்களுடைய முறையீட்டின் சாரம். தடையற்ற வாணிகத்தைப் போற்றுபவரான கென் பக் அவர்களின் மனத்தை இந்தச் சாட்சியங்கள் அசைத்துவிட்டன. சந்தையில் சுதந்திரம் வேண்டும் என்பவர், அச்சந்தையில் சிலருக்கு மட்டுமே சுதந்திரம் இருப்பதைக் கண்டார்.

இரு கட்சியினரும் வந்து சேர்ந்த வழிகள் வேறு வேறு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறு வணிகரும் தொழிலாளரும் நசுக்கப்படுகிறார்கள் என்பது ஜனநாயகக் கட்சியினரின் கவலை. தங்கள் கருத்துகளை இந்நிறுவனங்கள் மக்களிடம் செல்லவிடாமல் மறைக்கின்றன என்பது குடியரசுக் கட்சியினரின் குறை. வழிகள் வேறாயினும், ‘ஒரு சிலர் கையில் இவ்வளவு அதிகாரம் குவியலாகாது’ என்னும் முடிவில் இருவரும் சந்தித்தனர்.

உறங்கிய சட்டம்

ஏகபோகத்தை எதிர்க்கும் சட்டம் அமெரிக்காவுக்குப் புதியதன்று. 1890-ஆம் ஆண்டில் ஒஹையோ மாநிலச் செனட்டர் ஜான் ஷெர்மன் பெயரால் அது நிறைவேறியது. செனட் சபையில் எதிர்த்து விழுந்த வாக்கு ஒன்றே ஒன்று. பிரதிநிதிகள் சபையில் 242 பேர் ஆதரிக்க, எதிர்ப்பே இல்லை. அரசியலில் ஒரு மன்னனைச் சகிக்காத மக்கள், வாணிகத்தில் மட்டும் மன்னனைச் சகிப்பது எங்ஙனம் என்பது ஷெர்மனின் வாதம்.

அக்காலத்து வாணிக மன்னர் ஜான் ராக்ஃபெல்லர். அவருடைய ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் சுமார் 90 விழுக்காட்டைத் தன் பிடியில் வைத்திருந்தது. புகைவண்டி நிறுவனங்களோடு இரகசியமாகப் பேசித் தனக்கு மட்டும் கட்டணச் சலுகை பெற்றது. அதனால் சிறு எண்ணெய் வணிகர்கள் நொடிந்தனர். அப்படிப் பாதிக்கப்பட்ட பென்சில்வேனியா குடும்பம் ஒன்றின் மகள்தான் ஐடா டார்பெல். அவர் வளர்ந்து பத்திரிகையாளராகி, 1902 முதல் 1904 வரை அந்நிறுவனத்தின் வரலாற்றை ஆவணங்களோடு தொடராக எழுதி நாட்டின் கண்களைத் திறந்தார். 1911-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி ஸ்டாண்டர்டு ஆயில் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. பின்னாளில், 1984-இல், ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசி நிறுவனமும் பிரிக்கப்பட்டது.

அதன் பிறகு சட்டம் உறங்கத் தொடங்கியது. ‘வாங்குவோர் கொடுக்கும் விலை உயர்ந்தால்தான் தீங்கு, விலை குறைவாக இருக்கும்வரை நிறுவனம் எவ்வளவு பெரிதானாலும் கவலையில்லை’ என்னும் கோட்பாடு நீதிமன்றங்களில் வேரூன்றியது. கூகுளில் தேடுவதற்குக் கட்டணம் உண்டா? இல்லை. ஃபேஸ்புக்கில் சேருவதற்குக் கட்டணம் உண்டா? அதுவும் இல்லை. விலையே இல்லாத இடத்தில் தீங்கு எங்கே என்று கேட்டுச் சட்டம் கண்களை மூடிக்கொண்டது.

இந்தக் கோட்பாட்டை உலுக்கியவர் 28 வயதை எட்டாத ஒரு மாணவி என்றால் நம்புவீர்களா? பாகிஸ்தானியப் பெற்றோருக்கு இலண்டனில் பிறந்து, 11 வயதில் அமெரிக்காவில் குடியேறியவர் லினா கான். யேல் பல்கலைக் கழகத்தில் சட்டம் பயின்றுகொண்டிருந்தபோதே, 2017-இல், அமேசானைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை அறிஞர் உலகில் பெரும் விவாதத்தை எழுப்பியது. இன்றைய மலிவு விலை நாளைய ஏகபோகத்திற்குப் போடப்படும் விதையாக இருக்கலாம் என்று அவர் வாதிட்டார். பின்னர் மேற்கூறிய துணைக்குழுவின் சட்ட ஆலோசகராகப் பணியாற்றினார். 2021 ஜூன் திங்களில், கூட்டாட்சி வர்த்தக ஆணையத்திற்கு அவரை நியமிக்கும் தீர்மானத்தைச் செனட் சபை 69-க்கு 28 என்ற வாக்குகளில் ஏற்றது. குடியரசுக் கட்சியினர் பலரும் அவருக்கு வாக்களித்தனர். அந்த ஆணையத்தின் தலைமையில் அவரினும் இளையவர் முன்பு அமர்ந்ததில்லை. 2025 ஜனவரி வரை அப்பொறுப்பில் இருந்தார்.

டயப்பர் சொல்லும் பாடம்

மலிவு எப்படித் தீங்காகும் என்று கேட்பவர்களுக்கு, குழந்தை வளர்க்கும் வீடுகளில் அன்றாடம் புழங்கும் ஒரு பொருளின் கதையைச் சொல்கிறேன்.

குழந்தைகளுக்கான டயப்பரை இணையத்தின் வழியே விற்று வந்த க்விட்சி என்னும் நிறுவனம் அமெரிக்கத் தாய்மார்களிடையே நற்பெயர் பெற்றிருந்தது. அமேசான் அதற்குப் போட்டியாக டயப்பர் விலையை அடிமாட்டு விலைக்கு இறக்கியது. ஒரே மாதத்தில் 20 கோடி டாலர் வரை இழக்கவும் அது ஆயத்தமாக இருந்தது என்பதைத் துணைக்குழு திரட்டிய ஆவணங்கள் காட்டின. போட்டியாளருக்கு மூச்சு முட்டியது. 2010-இல் சுமார் 54 கோடி டாலருக்கு அமேசானிடமே அந்நிறுவனம் விலைபோயிற்று. 2017-இல் அது மூடப்பட்டது. தாய்மார்கள் அனுபவித்த மலிவு சில காலம். ஆனால் ஒரு கடை நிரந்தரமாக மறைந்தது.

ஃபேஸ்புக்கோ வேறொரு வழியைக் கையாண்டது. 2012-இல் இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கும், 2014-இல் வாட்ஸ்அப்பைச் சுமார் 1,900 கோடி டாலருக்கும் வாங்கியது. போட்டியிடுவதைக் காட்டிலும் வாங்கிவிடுவது மேல் என்னும் கருத்தை ஸக்கர்பெர்க் 2008-ஆம் ஆண்டிலேயே ஒரு மின்னஞ்சலில் எழுதியிருந்தது பின்னர் வெளிவந்தது.

கூகுளின் வழி இன்னும் நுட்பமானது. கைப்பேசியைத் திறந்ததும் தன் தேடுபொறியே முன்வந்து நிற்க வேண்டும் என்பதற்காகக் கைப்பேசி செய்வோருக்கும் பிறருக்கும் அது கொடுத்த தொகை 2021-இல் மட்டும் 2,630 கோடி டாலர். ஆப்பிள் நிறுவனத்திற்கு மட்டும் 2022-இல் 2,000 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது. மக்கள் வந்து நுழையும் வாசலையே விலைக்கு வாங்கிவிட்டால், உள்ளே எத்தனை கடைகள் இருந்தால் என்ன?

சட்டங்களும் சறுக்கல்களும்

2020 அக்டோபரில் துணைக்குழு சுமார் 450 பக்க அறிக்கையை வெளியிட்டது. நோயை இரு கட்சியினரும் ஒப்புக்கொண்டனர், மருந்தில் வேறுபட்டனர். நிறுவனங்களைப் பிரிக்கும் அளவுக்குச் செல்வதைக் கென் பக் ஏற்கவில்லை. தம் கருத்தைத் தனி அறிக்கையாக எழுதினார். எனினும் பேச்சு முறியவில்லை. 2021 ஜூன் 11 அன்று இரு கட்சி உறுப்பினர்களும் கையொப்பமிட்ட ஐந்து மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன. சந்தையை நடத்துவோர் தம் சரக்குக்குச் சலுகை காட்டலாகாது என்பது அவற்றுள் ஒன்று. செனட் சபையில் மின்னசோட்டாவின் ஏமி குளோபுஷார் அம்மையாரும் அயோவாவின் சக் கிராஸ்லியும் இதே நோக்கத்தில் இணைந்தனர். முன்னவர் ஜனநாயகக் கட்சி. பின்னவர் குடியரசுக் கட்சி. 2022 ஜனவரியில் அவர்களுடைய மசோதா செனட் நீதித்துறைக் குழுவில் 16-க்கு 6 என்று தேறியது. அடுத்த மாதம், செயலிக் கடைகளின் ஆதிக்கத்தைக் கட்டுப்படுத்தும் மசோதா 20-க்கு 2 என்று தேறியது.

இத்தனைக்குப் பிறகும் அவை சட்டமாகவில்லை. நிறுவனங்களும் அவற்றின் சார்பான அமைப்புகளும் விளம்பரங்களுக்கும் பரிந்துரையாளர்களுக்கும் கோடிகோடியாகச் செலவிட்டன. தங்கள் சேவைகள் பாழாகும், பாதுகாப்புக் குறையும், சீன நிறுவனங்கள் முந்திவிடும் என்று எச்சரித்தன. எதிர்ப்பும் ஒரு கட்சியோடு நிற்கவில்லை. குடியரசுக் கட்சியின் ஜிம் ஜோர்டன் எதிர்த்தார். பெரும் நிறுவனங்கள் பல குடிகொண்ட கலிஃபோர்னியாவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஸோ லாஃப்கிரனும் எதிர்த்தார். செனட் சபை முழுவதும் வாக்களிக்கும் நாள் வரவேயில்லை. நிறுவனங்கள் இணையும்போது செலுத்தும் கட்டணத்தை உயர்த்திக் கண்காணிப்புத் துறைகளுக்கு வருவாய் சேர்ப்பதும், மாநிலங்கள் தொடுக்கும் வழக்கை அவை விரும்பிய நீதிமன்றத்திலேயே நடத்த வழிசெய்வதும் மட்டும் 2022 டிசம்பரில் சட்டமாயின.

இதற்குக் கென் பக் கொடுத்த விலையும் உண்டு. 2023 ஜனவரியில் சபை அவருடைய கட்சியின் கைக்கு வந்தபோது, துணைக்குழுவின் தலைமை மூப்பின்படி அவருக்கு வரும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கட்சி அதை வேறொருவருக்குக் கொடுத்தது. அவர் முடங்கிவிடவில்லை. அதே ஆண்டில் சிசிலினியோடு சேர்ந்து, ஏகபோகத் தடுப்புச் சட்டங்களை வலுப்படுத்த விரும்பும் இரு கட்சி உறுப்பினர்களையும் கொண்ட ஓர் அணியை அமைத்தார். 2023 ஜூனில் சிசிலினியும், 2024 மார்ச்சில் கென் பக்கும் சபையை விட்டு விலகினர்.

ஆனால் அவர்கள் ஊன்றிய விதை நீதிமன்றங்களில் முளைத்தது. கூகுள் மீதான தேடுபொறி வழக்கு 2020 அக்டோபரில் டிரம்ப் ஆட்சியில் தொடுக்கப்பட்டு, பைடன் ஆட்சியில் விசாரிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டு 5 அன்று, குஜராத்தில் பிறந்தவரான நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டத்தை மீறி ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் அவர் பரிகாரத்தை அறிவித்தார். குரோம் உலாவியை விற்க வேண்டியதில்லை. ஆயினும் பிறருக்கு இடமில்லாதபடி செய்யும் ஒப்பந்தங்கள் கூடா, தேடல் விவரங்களில் ஒரு பகுதியைப் போட்டியாளருக்கும் தர வேண்டும் என்றார். 2025 ஏப்ரலில் விளம்பரச் சந்தை வழக்கிலும் கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று. மறுபுறம், 2025 நவம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா வென்றது. டிக்டாக் போன்ற புதிய போட்டியாளர்கள் வந்துவிட்ட நிலையில் அதனை ஏகபோகம் என்று கூற இயலாது என்றார் நீதிபதி. அமேசான் மீதான வழக்கின் விசாரணை 2027 பிப்ரவரிக்குக் குறிக்கப்பட்டது. ஆக, வெற்றியும் தோல்வியும் கலந்தே இருக்கின்றன.

மதீனத்துச் சந்தை

சகோதர, சகோதரிகளே! இந்தச் செய்திகளைப் படிக்கும்போது நம் நெஞ்சம் பதினான்கு நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்கிறதல்லவா?

இஸ்லாம் வாணிகத்தை வெறுக்கும் மார்க்கமன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்களே வணிகராக வாழ்ந்தவர்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் பெரும் வணிகர். விலைவாசி ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் வேண்ட, நாயகம் (ஸல்) அவர்கள் அதற்கு இசையவில்லை என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. இலாபம் ஈட்டுவது பாவமன்று. பெரிய வணிகனாக இருப்பதும் பாவமன்று.

ஆனால் சந்தையின் வாசலை அடைப்பதை அவர்கள் அனுமதிக்கவில்லை. கிராமத்திலிருந்து சரக்கு ஏற்றி வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியிலேயே எதிர்கொண்டு, அவர்கள் சந்தை நிலவரம் அறியும் முன்பே மடக்கி வாங்குவதைத் தடுத்தார்கள். விலையேற்றத்திற்காகப் பதுக்குவதைப் பாவம் என்றார்கள். மதீனாவில் முஸ்லிம்களுக்கெனச் சந்தை அமைத்தபோது, அதில் யாருக்கும் இடம் சுருக்கப்படலாகாது, அதன்மீது சுங்கமும் விதிக்கப்படலாகாது என்று அறிவித்ததாக அறிகிறோம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள், கல்வியறிவு மிக்க ஷிஃபா (ரலி) என்னும் பெண்மணிக்குச் சந்தையைக் கண்காணிக்கும் பொறுப்பைத் தந்ததாகவும் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன.

ஊருக்கு வெளியே வணிகக் கூட்டத்தை மடக்கியவனுக்கும், கைப்பேசியின் முதல் திரையிலேயே மனிதனை மடக்குபவனுக்கும் வேறுபாடு எவ்வளவு? சுங்கம் இல்லாத அந்தச் சந்தையையும், செயலி விற்பவரிடம் 30 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளும் இன்றைய செயலிக் கடைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் வீட்டு வாசலிலும்

இது அமெரிக்காவின் வழக்கு, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. சென்னையைச் சேர்ந்த திருமணத் தகவல் நிறுவனமான மேட்ரிமோனி, 2012-இல் கூகுள் மீது இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் செய்தது. குற்றச்சாட்டுகளில் சில தள்ளப்பட்டன, சில நிறுவப்பட்டன. 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 2022 அக்டோபரில் ஆண்ட்ராய்டு கைப்பேசி தொடர்பான வழக்கில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. 2024 மார்ச்சில் கட்டணத் தகராறு காரணமாக, அதே மேட்ரிமோனி உள்ளிட்ட இந்திய நிறுவனங்களின் செயலிகள் கூகுள் கடையிலிருந்து நீக்கப்பட்டு, சில நாள்களில் மீண்டும் சேர்க்கப்பட்டன. வாசற்கதவின் சாவி யார் கையில் இருக்கிறது என்பதை அந்தச் சில நாள்களே எடுத்துக்காட்டின.

ஆகவே, இல்லத்தரசிகளே, இளைஞர்களே! இணையத்தில் வாங்குவதை விட்டுவிடுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அதில் நன்மையும் உண்டு. ஆனால் மிக மலிவாக ஒரு பொருள் கிடைக்கும்போது, அந்த மலிவுக்காக வேறெவர் விலை கொடுக்கிறார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். தெருமுனைக் கடைக்காரரிடமும் கொஞ்சம் வாங்குங்கள். அவர் வீட்டிலும் 14 பேர் இருக்கக்கூடும். ஜமாஅத் விவகாரமாயினும், ஊர்ப் பிரச்சினையாயினும், நியாயமான காரியம் ஒன்று எதிரணியார் வாயிலிருந்து வந்தாலும் அதற்குக் கைகொடுங்கள். நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளுமாறே திருமறை நமக்குக் கட்டளையிடுகிறது.

சிசிலினியும் கென் பக்கும் தாங்கள் விரும்பிய சட்டங்கள் பலவற்றைக் காணாமலேயே சபையை விட்டுச் சென்றார்கள். ஆயினும் அந்தப் பாடநூல் வணிகப் பெண்மணியின் குரலை உலகின் மிகப்பெரும் செல்வர் ஒருவர் அமர்ந்து கேட்கும்படி செய்தது அந்தத் துணைக்குழு. எளியவரின் முறையீட்டை வலியவர் கேட்டே ஆக வேண்டிய இடம் ஒன்று ஒவ்வொரு நாட்டிலும் இருக்க வேண்டும். அத்தகைய நீதியை நம் நாட்டுச் சந்தைகளிலும் நம் கரங்களின் வாயிலாகவும் நிலைபெறச் செய்ய வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.